வீட்டுத் தமிழில்தான் வரும் முதல் பேச்சு

“ரெண்டரை வயசாகுது, இன்னும் பேச்சு வரல.” வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனை ஓ.பி. வரிசையிலும் தண்டையார்பேட்டை, காசிமேடு அங்கன்வாடி வாசல்களிலும் தாய்மார் கவலையோடு சொல்வது இந்த வாக்கியத்தைத்தான். அதற்குள் குறைந்தது ஐந்து வகைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். காது சரியாகக் கேட்காததால் பேசாத பிள்ளை ஒன்று. கேட்கிறது, சொன்னது புரிகிறது, வாயில் மட்டும் வரவில்லை என்பது இன்னொன்று. புரிந்துகொள்வதே தாமதப்படும் பிள்ளை உண்டு. ஏபிசிடியும் இங்கிலீஷ் பாட்டும் கடகடவென ஒப்பித்துவிட்டு, தாகம் எடுத்தால் தண்ணி கேட்கத் தெரியாத பிள்ளை உண்டு. வாய் ஓயாமல் பேசியும் வெளியாள் காதுக்கு ஒன்றும் விளங்காத பிள்ளையும் உண்டு. ஐவருக்கும் சீட்டில் “ஸ்பீச் தெரபி” என்று ஒரே வார்த்தையைத்தான் எழுதுவார்கள். செய்ய வேண்டிய வேலை ஆளுக்கு ஆள் வேறு.

வாரம் 2 முறை, முறைக்கு 45 நிமிஷம் பயிற்சி கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 90 நிமிஷம். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் விழித்திருக்கும் பிள்ளைக்கு வாரத்தில் 5,040 நிமிஷம் இருக்கிறது. அதில் 90 என்பது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. எண்ணூரிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் நேரம் அதைவிட அதிகம். அதனால் பயிற்சி அறையில் பிள்ளைக்கு நடப்பதைவிட, வீட்டில் பிள்ளையோடு இருப்பவர் அங்கே கற்றுக்கொண்டு வருவதுதான் பேச்சைக் கொண்டுவருகிறது. பிள்ளையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைக்கும் இடங்களில் பணம் கொடுத்துப் பயனில்லை. கூட உட்கார்ந்து பார்க்கிறேன் என்று தயங்காமல் கேட்க வேண்டும்.

எப்போது கவலைப்பட வேண்டும்? ஒரு வயதில் மழலை ஒலியும் (ப்பா ப்பா, ம்மா ம்மா), கை நீட்டிக் காட்டுவதும், டாட்டா காட்டுவதும் இருக்க வேண்டும். 16 மாதத்தில் ஒரு தனிச் சொல்கூட இல்லை, 2 வயதில் “அம்மா வா”, “தண்ணி குடு” என்று இரண்டு சொல் சேரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. இருந்த பேச்சு எந்த வயதில் நின்றுபோனாலும் அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும். “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், அவங்க அப்பனும் அப்படித்தான்” என்பது பாட்டிகள் அன்போடு சொல்லும் ஆறுதல். தாமதமாகப் பேசத் தொடங்கும் பிள்ளைகள் பலர் தாமாகவே மற்றவர்களை எட்டிப்பிடிப்பதும் உண்மை. யார் எட்டிப்பிடிப்பார், யார் மாட்டார் என்பது வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. பரிசோதனைக்குப் போவதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

நாக்கில் வசம்பு தேய்ப்பதும், நாக்குக்குக் கீழே இருக்கும் சவ்வை வெட்டச் சொல்வதும் இன்னும் நடக்கிறது. சவ்வு ஒட்டியிருந்தால் சில ஒலிகள் தெளிவில்லாமல் போகலாம், பால் குடிக்கச் சிரமப்படலாம். பேசவே பேசாததற்கு அது காரணமாகாது. வசம்பு அளவு மீறினால் வாந்தியும் மயக்கமும் வரும். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் தொட்டு வைப்பதும் ஆபத்து.

முதல் கேள்வி காதுக்கு

பேச்சுப் பயிற்சி தொடங்கும் முன் செவித்திறன் சோதனை முடிந்திருக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு ஆறு மாதம் பயிற்சிக்கு அலைந்த பிறகு, பிள்ளைக்குப் பாதிதான் கேட்கிறது என்று தெரியவரும் குடும்பங்கள் உண்டு. “குக்கர் விசில் அடிச்சா திரும்புறானே, காது நல்லாத்தானே கேக்குது” என்பது தவறான கணக்கு. விசில் உரத்த சத்தம், தட்டு விழுவதும் அப்படித்தான். பேச்சில் “ச”, “ஸ” போன்ற ஒலிகள் மெலிந்தவை, சுருதி உயர்ந்தவை. அவற்றை மட்டும் இழக்கும் பிள்ளை, கூப்பிட்டால் திரும்பும், பேச்சு மட்டும் மொட்டையாகவே கேட்கும். பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பதும் நம்பத்தக்க சோதனை இல்லை. காற்று படுவதையும் நிழல் அசைவதையும் உணர்ந்து பிள்ளை திரும்பிவிடும்.

மருத்துவமனையில் சிறு பிள்ளைகளுக்கு முக்கியமாக இரண்டு சோதனைகள். ஓ.ஏ.இ. என்பது காதில் சிறு முனையை வைத்து உள்காது பதில் தருகிறதா என்று பார்ப்பது. சில நிமிஷத்தில் முடிந்துவிடும். பெரா என்பது தலையில் ஒட்டுமுனைகள் வைத்து, ஒலி நரம்பு வழியே மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பது. பிறந்தபோது ஓ.ஏ.இ.யில் தேறிய பிள்ளைக்கும் பின்னால் கேள்விக்குறை (கேட்கும் திறன் குறைவது) வரலாம். தீவிர சிகிச்சையில் இருந்த பிள்ளை, கடுமையான மஞ்சள் காமாலை வந்த பிள்ளை, மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளை, மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களின் பிள்ளை ஆகியோருக்குப் பெராவும் தேவை.

பெராவுக்குப் பிள்ளை தூங்க வேண்டும். பெரும்பாலும் கெடுவது இங்கேதான். காலையில் வழக்கம்போல் எழுந்து, மெட்ரோவிலோ பஸ்ஸிலோ அம்மா மடியில் நன்றாகத் தூங்கிவிட்டு, சோதனை அறைக்குள் போகும்போது பிள்ளை விழித்துக்கொண்டு ஆடும். இன்னொரு தேதி கொடுப்பார்கள், ஒரு நாள் கூலி போகும். முந்தின இரவு தாமதமாகப் படுக்க வைத்து, விடியலில் எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் பாட்டுப் பாடிக்கொண்டே கூட்டிப் போக வேண்டும். தூக்க மருந்து தேவைப்பட்டால் அவர்களே தருவார்கள். எத்தனை மணிக்குமேல் பால் தரக் கூடாது என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

நெரிசலான வீடுகளில் அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது சாதாரணம். வலி இருக்காது, சீழ் வராது, ஆனால் தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல் பேச்சு மங்கலாகக் கேட்கும். ஒரு வாரம் நன்றாகத் திரும்பும், மறு வாரம் திரும்பாது. “புடிவாதம் புடிக்கிறான்” என்று அடி வாங்கும் பிள்ளைகளில் இவர்களும் சேர்த்தி. இம்பீடன்ஸ் என்ற சிறு சோதனையில் இது தெரிந்துவிடும். காதில் சூடான எண்ணெய் விடக் கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நிலைமை மோசமாகும்.

காது கருவி போட்டால் விழித்திருக்கும் நேரமெல்லாம் போட வேண்டும். பயிற்சிக்குப் போகும்போது மட்டும் மாட்டினால் பேச்சு வராது. வடசென்னையின் கடல் காற்றும் வியர்வையும் கருவிக்குப் பகை. இரவில் கருவியை சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும், காதுக்குள் பொருந்தும் அச்சின் குழாயில் நீர் கோத்திருக்கிறதா என்று காலையில் பார்க்க வேண்டும். பட்டன் பேட்டரியைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைப்பது உயிர் சம்பந்தப்பட்டது. விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கருவியாலும் பயனில்லாத கடும் கேள்விக்குறைக்கு, 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை செய்ய வழி இருக்கிறது. அறுவை முடிந்ததும் பேச்சு வந்துவிடாது, கேட்டுப் பழகும் பயிற்சி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எவ்வளவு சின்ன வயதில் செய்கிறோமோ அவ்வளவு நல்லது.

வாயப்பயம் குறையா?

வடசென்னை வீடுகளில் வாழைப்பழம் “வாயப்பயம்”. என்ன என்பது “இன்னா”, வீட்டுக்கு என்பது “ஊட்டுக்கு”, இருக்கிறது என்பது “கீது”. பிள்ளை “வாயப்பயம்” என்று சொன்னால் அது ழகரக் குறைபாடு ஆகாது. காதில் விழுந்த மொழியைப் பிள்ளை சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஒலி சரியா தவறா என்று முடிவு செய்ய, அந்த வீட்டுப் பெரியவர்களின் பேச்சோடு ஒப்பிட வேண்டும். செய்தி வாசிப்பவரின் தமிழோடு ஒப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் நோயாளியாகிவிடுவார்கள். தமிழகத்தின் எந்த ஊரிலும் பிள்ளைக்குக் கடைசியாக வரும் ஒலிகளில் ழ ஒன்று. அதை வைத்து 3 வயதுப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புவது வீண்.

கவனிக்க வேண்டியது வேறு. “காக்கா” என்று சொல்ல வேண்டிய இடத்தில் பிள்ளை “தாத்தா” என்கிறது என்றால், தொண்டைப் பக்கம் எழ வேண்டிய க, பல் பக்கம் த ஆகிறது. 3 வயதில் இது சகஜம், நாலைத் தாண்டியும் நின்றால் பயிற்சி தேவை. “மரம்” “மயம்” ஆவதும், “ர” வர வேண்டிய இடத்தில் “ல” வருவதும் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். வீட்டுக்கு வெளியே இருப்பவருக்குப் பிள்ளை பேச்சில் எவ்வளவு விளங்குகிறது என்பது நல்ல அளவுகோல். 2 வயதில் பாதி, 3 வயதில் முக்கால், 4 வயதில் ஏறக்குறைய எல்லாம். அம்மாவுக்கு எல்லாம் விளங்கும், அதனால் அண்ணாச்சி கடைக்காரரைக் கேட்பதே சரி.

வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்ற குடும்பங்கள் இந்தப் பகுதியில் ஏராளம். மண்ணடி, ராயபுரம் பக்கம் உருது உண்டு, சௌகார்பேட்டையில் இந்தியும் மார்வாடியும் உண்டு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். தண்ணீருக்கு “நீள்ளு” என்றும் “தண்ணி” என்றும் சொல்லும் பிள்ளைக்கு இரண்டு சொல் இருக்கிறது. “ஒரு மொழிய விட்டுடுங்க, இங்கிலீஷ்லயே பேசுங்க” என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். அம்மாவுக்கே தடுமாறும் மொழியில் பேசச் சொன்னால் அம்மா பேசுவது குறையும், கொஞ்சுவது நின்றுபோகும். பிள்ளைக்கு மிச்சமிருப்பது “திஸ் இஸ் ஆப்பிள்” மட்டும்.

இதில் தமிழ் நமக்கு ஓர் உதவி செய்கிறது. நம் மொழியில் ஏவல் வினை என்பது வினையின் வேர் மட்டுமே. வா, போ, தா, எடு, குடு, ஊத்து என்று ஒட்டு எதுவும் இல்லாத குட்டிச் சொற்கள். சொன்னவுடன் எதிரில் இருப்பவர் அசைகிறார். பொருளின் பெயரைவிட இந்தச் சொற்களுக்குப் பிள்ளைக்குக் கைமேல் பலன் கிடைக்கிறது. ஆனால் படம் காட்டிக் கற்றுத்தரும் வீடுகளில் பெயர்ச்சொற்களே குவிகின்றன. 40 மிருகங்களைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு “குடு”, “வேணாம்”, “போதும்”, “இன்னும்” நான்கும் தெரியாமல் இருப்பதைப் பார்க்கலாம். முதல் பட்டியலில் இந்த நான்கும் இருக்கட்டும்.

ஒரு இட்லியும் நாலு துண்டும்

தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. சாப்பாடு, குளியல், சட்டை போடுவது, குடத்தில் தண்ணி பிடிப்பது என்று தினம் நடப்பவையே போதும். ஒரு இட்லியை எடுத்துக்கொள்வோம்.

டிவியை அணைத்துவிட வேண்டும். ஒற்றை அறை வீட்டில் ஃபேன் சத்தமும் தெருவில் கன்டெய்னர் லாரி சத்தமும் ஏற்கெனவே இருக்கிறது, டிவியும் சேர்ந்தால் அம்மா குரல் அமுங்கிவிடும். பிள்ளைக்கு எதிரே முட்டியோடு முட்டி படும்படி தரையில் உட்கார வேண்டும், முகம் பிள்ளையின் முகத்துக்கு நேராக. இட்லியை நாலு துண்டாக்கி, கிண்ணத்தை அம்மா பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும். முதல் துண்டைக் கேட்காமலே கொடுக்கலாம். இரண்டாவது துண்டை எடுத்துத் தன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, “இட்லி” என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். இந்தப் பத்துதான் கஷ்டம். மூன்றில் நம் வாய் தானாகத் திறந்துவிடும். சொல் காதில் விழுந்து, புரிந்து, வாயில் வர இந்தப் பிள்ளைகளுக்கு நேரம் அதிகம் தேவை. நாம் நடுவில் பேசினால் அவர்கள் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

பத்துக்குள் பிள்ளை கண்ணைப் பார்த்தாலும், கை நீட்டினாலும், “இ” என்று ஒலித்தாலும் அதைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டு உடனே கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது “இட்லி” என்று இன்னொரு முறை. ஒன்றுமே வரவில்லை என்றாலும் சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். “சொன்னாத்தான் தருவேன்” என்று பிடித்து வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. இரண்டு நாளில் பிள்ளை இட்லியைவிட்டே ஓடும், பேச்சு என்றால் சண்டை என்று மனசில் பதிந்துவிடும். பசியை வைத்துப் பேச்சு வாங்கக் கூடாது.

பிள்ளை “இட்லி” என்று சொல்லத் தொடங்கியதும் ஒரு சொல் மட்டும் கூட்ட வேண்டும். “சூடு இட்லி”, “இட்லி குடு”. “அம்மா எனக்கு இட்லி வேணும்னு சொல்லு” என்று நீட்டினால் பாதியில் அறுந்துவிடும்.

அந்தச் “சொல்லு”வில் ஒரு சிக்கல் இருக்கிறது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் பிள்ளைகளிடம், குறிப்பாக ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம், “ஆப்பிள் சொல்லு” என்றால் “ஆப்பிள் சொல்லு” என்றே பதில் வரும். “தண்ணி வேணுமா?” என்று கேட்டுக் கேட்டு, பிள்ளையும் தண்ணி கேட்கும்போது “தண்ணி வேணுமா?” என்றே கேட்கும். பிள்ளை மேல் தவறில்லை, நாம் கொடுத்ததைத்தான் திருப்பித் தருகிறது. அதனால் பிள்ளை வாயிலிருந்து வர வேண்டிய வடிவத்தையே நாம் சொல்ல வேண்டும். குவளையைக் காட்டி “தண்ணி வேணும்” என்று இறக்கமான குரலில் சொன்னால், அந்த “ஆ” உதிர்ந்து சரியான வடிவம் வந்து உட்காரும். “இது இன்னா? அது இன்னா?” என்று கேள்வியாகக் கேட்பதையும் குறைக்க வேண்டும். ஒரு கேள்வி கேட்டால், கேள்வி இல்லாமல் நாலு வாக்கியம் பேசலாம். குடம் நிறையும்போது “தண்ணி வருது… ஊத்துது… ரொம்புது… போதும்!” என்று நடப்பதைச் சொல்வதே பாடம்.

அம்மா விடியலில் மீன் ஏலத்துக்கோ வேலைக்கோ போய்விடும் வீட்டில் இதைப் பாட்டிக்கும் அக்காவுக்கும் செய்து காட்ட வேண்டும். விசைப்படகில் போகும் அப்பாக்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில்தான் இருப்பார்கள். வலை பின்னும் இடத்திலேயே “இழு”, “விடு” என்று பிள்ளையோடு விளையாட அதைவிட நல்ல காலம் கிடைக்காது.

சொல் வரும்வரை பிள்ளை கேட்க ஒரு வழி வேண்டும். தன் வீட்டுத் தண்ணிக் குவளை, சாப்பாட்டுத் தட்டு, செருப்பு (வெளியே போக) என மூன்றையும் போட்டோ எடுத்து, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக அச்சிட்டு லேமினேட் செய்து, பிள்ளை கண் மட்டத்தில் சுவரில் ஒட்டலாம். இணையத்தில் எடுத்த கண்ணாடி டம்ளர் படம் எவர்சில்வர் குவளையில் குடிக்கும் பிள்ளைக்குப் புரியாது. படத்தைப் பிள்ளை எடுத்துக் கையில் கொடுத்ததும் பொருள் உடனே வர வேண்டும். முதல் சில நாள், பின்னால் ஒருவர் இருந்து பிள்ளையின் கையைப் பிடித்து உதவ வேண்டும். படமும் சைகையும் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம். அவை பேச்சைத் தடுப்பதில்லை. பதற்றம் குறைந்த பிள்ளை இன்னும் சுலபமாக ஒலியெழுப்புகிறது.

செல்போனைப் பற்றி: 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 5 வயது வரை ஒரு மணி நேரத்துக்குமேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. போன் பார்த்ததால் ஆட்டிசம் வந்துவிட்டது என்று அம்மாவைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. போனை நிறுத்தினால் எல்லாம் சரியாகும் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. போன், பேச்சுக்கான நேரத்தை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒரு வேளைச் சாப்பாட்டில் நிறுத்தத் தொடங்கினால் மூன்று நாலு நாள் அழுகை இருக்கும், பிறகு தணியும்.

எங்கே போவது

அங்கன்வாடிக்கு ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்தியத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். 2013-இல் தொடங்கிய திட்டம் இது, வளர்ச்சித் தாமதத்தைக் கண்டுபிடிப்பதும் அதன் வேலை. குழு வரும் நாளை அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு, பிள்ளையைக் கட்டாயம் காட்ட வேண்டும். காது மூக்கு தொண்டைப் பிரிவும் குழந்தைகள் பிரிவும் பழைய ஜெயில் ரோட்டு ஸ்டான்லியில் இருக்கின்றன. எழும்பூர் ஹால்ஸ் ரோட்டில் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் வந்து சென்ட்ரலில் பச்சை வழித்தடம் மாறினால் எழும்பூர் அடுத்த நிறுத்தம். முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் நகரத்தின் மறுமுனை. முழு மதிப்பீட்டுக்கு ஒரு முறை போய்வரலாம், வாராவாரம் அலைவது நடக்காத காரியம். தனியாரிடம் போனால் தெரபிஸ்டின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேட்பது உரிமை.

பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, ஆட்டிசம், செவித்திறன் குறைபாடு மூன்றும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இருக்கின்றன. உதவித் திட்டங்களுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்கிறது என்ற சான்று கேட்பார்கள். பயிற்சி தொடங்க எந்தச் சான்றும் தேவையில்லை, மாற்றுத்திறனாளி அட்டை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதல் நாள் போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, காது சோதனைச் சீட்டு, இரண்டு சிறு வீடியோ எடுத்துப் போக வேண்டும். ஒன்று பிள்ளை வீட்டில் விளையாடுவது, மற்றொன்று சாப்பிடுவது, தலா 2 நிமிஷம். புது இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, அதற்காகத்தான் இது. ஒரு நோட்டில் பிள்ளை சொல்லும் சொற்களை, பிள்ளை சொல்லும் விதத்திலேயே எழுத வேண்டும்: “தண்ணி” என்பதை “அண்ணி” என்கிறதா, அப்படியே. வீட்டில் யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். கிளம்பும் முன் தெரபிஸ்டிடம் கேட்க வேண்டியது: இந்த வாரம் எந்த ரெண்டு சொல்லு, எந்த வேளையில், எப்படி? பதிலை அதே நோட்டில் எழுதி, அவர் முன்னாலேயே பிள்ளையோடு ஒரு முறை செய்து காட்டிவிட்டு வர வேண்டும்.